அப்பாவின் மரணச் சான்றிதழும் என் கலியாணமும்

தம்பி,

நீ தொலைபேசியை எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீற்றிங்கில நிக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ என் விஷயத்தை என்னோடு மட்டும் கதைக்கவில்லையே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கனடா மாமி முதல் லண்டன் சித்தப்பா வரைக்கும் பார்க்கும்படி, "அம்மாவின்ர மனதை ஆரோ குழப்பிப்போட்டினம், எல்லாரும் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ" என்று போட்டாய். எல்லோரும் எடுத்தார்கள். எல்லோரும் கதைத்தார்கள். ரொறன்ரோவில் எப்போது விடியும், எப்போது பொழுதுபடும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். எனவே இந்தக் கடிதமும் அதே குழுவுக்குத்தான் போகிறது. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். ஒளித்துச் செய்கிற காரியம் எதையும் நான் செய்யவில்லை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மரணச் சான்றிதழ் எனக்குக் கிடைத்துவிட்டது. உன்னுடைய பைலில் இருப்பதை நீ அனுப்பத் தேவையில்லை, அது அங்கேயே சுகமாக இருக்கட்டும். இது புதிது. பதிவகத்தின் முத்திரையோடு, என் பெயருக்கு, என் விலாசத்துக்கு வந்தது. தபால்காரர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்துவிட்டுப் போனார். வருகிற ஆவணி மாதம் நான் சுந்தரத்தைக் கலியாணம் செய்யப் போகிறேன். புருஷனை இழந்த ஒருத்தி இந்த நாட்டில் மறுபடியும் கலியாணம் செய்வதென்றால், முதல் புருஷன் இல்லை என்பதை அரசாங்கப் பத்திரத்தோடு காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது, நெற்றியைக் காட்டினாலும் போதாது. அதற்காகத்தான் எடுத்தேன்.

களவாக எடுத்தேன் என்று நீ சொல்லக்கூடாது. உன்னிடம்தான் முதலில் கேட்டேன். அந்தக் கதை எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"தம்பி, அப்பாவின்ர மரணச் சான்றிதழ் ஒருக்கா வேணும்."

"என்னத்துக்கு?"

"எனக்கு ஒரு அலுவல் இருக்கு."

"என்ன அலுவல் எண்டு சொல்லுங்கோவன். நான் செய்துவிடுறன்."

இந்த அலுவலை நீ எனக்காகச் செய்துவிட முடியாது என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் உன் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "அது என்னட்டப் பத்திரமா இருக்கு அம்மா. அங்கயே இருக்கட்டும்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி மேலே வைக்கிற குரலில் சொன்னாய். நீ கத்தியிருந்தால் நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேனோ என்னவோ. அந்தக் குரல்தான் என்னை எழுப்பிவிட்டது.

அந்தப் பத்திரம் ஏன் உன்னிடம் இருந்தது என்று யோசித்துப் பார். அப்பா போன மறுநாள் செத்தவீட்டு ஒழுங்குக்காரர் நம்முடைய சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முழுப்பெயர், தொழில், தாய் தகப்பன் பெயர். எல்லாவற்றுக்கும் நீதான் பதில் சொன்னாய். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். கலியாணம் எந்த ஊரில் பதிந்தது என்று கேட்டபோது மட்டும் என் பக்கம் திரும்பினாய். அதற்குப் பிறகு வங்கி, ஓய்வூதியக் கந்தோர், மின்சாரக் கணக்கு என்று எங்கே போனாலும் அந்தப் பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீ முன்னால் நடப்பாய், நான் பின்னால் வருவேன். "இதில போடுங்கோ" என்று விரல் வைத்துக் காட்டுவாய், நான் கையெழுத்துப் போடுவேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ அந்த நாட்களில் நித்திரை இல்லாமல் ஓடித்திரிந்தாய், நான் பார்த்தேன். அப்பா இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் போனபிறகு விரல் மாறியது, அவ்வளவுதான். எங்கள் ஆட்களின் வீடுகளில் பத்திரங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். தாய்க்கு இடுப்பில் செருக அலுமாரித் திறப்பு மட்டும் வரும், அதுவும் சீலை அலுமாரித் திறப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை. உன் கலியாணத்தன்று, மாப்பிள்ளையாக நீ மண்டப வாசலில் வந்து நின்றபோது ஆலாத்தித் தட்டு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான்தான் பூவும் வாழைப்பழத் துண்டும் வைத்துத் திரி போட்டேன். எடுக்கப் போன கையைப் பெரியம்மா முறையான ஒருத்தி பிடித்து, "நீர் வேண்டாம் பிள்ளை, கொஞ்சம் பின்னால நில்லும்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் உனக்குக் கேட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஐயரைப் பார்த்தாய். நான் போய்ச் சாப்பாட்டுக்காரர்கள் நிற்கிற பக்கமாக நின்று, என் மகன் உள்ளே வருவதைத் தலைகளுக்கு மேலாகப் பார்த்தேன். பிறகொரு நாள், "அண்டைக்கு ஒரு பிரச்சினை வேண்டாம் எண்டுதான் பேசாம இருந்தனான்" என்றாய். நானும் சரி என்றேன். அன்றைக்கு நான் பின்னால் நின்றபடியால் இனிமேலும் நிற்பேன் என்று நீ நினைத்துவிட்டாய். அன்றைக்கு நிறைய நொந்தேன், தம்பி. உன்னைப் பெற்றது நான்தான் என்று அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

சுந்தரத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்தது போல எழுதியிருந்தாய். தமிழ்நாட்டுக்காரர், கரூர்ப் பக்கம். இங்கே ரோடு போடுகிற இலாகாவில் எஞ்சினியராக இருந்து இளைப்பாறியவர். மனைவி ஊருக்குப் போன இடத்தில் காலமாகிவிட்டார். எங்கள் காலை நடைக் குழுவில் நடக்கிறார். ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை, ஒவ்வொரு ரோட்டையும் யார் பிழையாகப் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே நடப்பார். எனக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டிக்கொண்டு போக ஒருவர் வராவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்கள். உன் தங்கச்சிக்கு அன்று மாற்ற முடியாத டியூட்டி. நீ மெல்பேணில் இருந்துகொண்டு, "ஊபர் பிடிக்கலாம்தானே" என்றாய். சுந்தரம் காலையிலிருந்து அந்தப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். தாதி வந்து யார் நீங்கள் என்று கேட்டதற்கு, "பக்கத்து வீட்டுக்காரனுங்க" என்றார். அவருடைய வீடு ரயில் பாதைக்கு அங்கால் பக்கம். ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய சின்ன விஷயத்துக்காக ஒருவர் பொய் சொல்லி எத்தனை காலம்.

கனடா மாமி சொல்கிறா, "இந்தியாக்காரன், விசாவுக்குத்தான் வாறான்" என்று. சுந்தரம் இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தபோது நாங்கள் இன்னும் தற்காலிக விசாவோடு தபாலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மாமிக்கு அதை நீயே சொல்லிவிடு.

கலியாணம் பதிகிற பெண்மணியிடம் நான் முதலில் கொண்டுபோனது ஒரு போட்டோக்கொப்பியை. வங்கிக்காக நீ எடுத்த கொப்பி ஒன்று மேசை லாச்சியில் கிடந்தது. அதை நூலகத்துக்குக் கொண்டுபோய், அங்கே மேசை போட்டு, கொப்பிகளைச் சரிபார்த்துச் சீல் அடித்துக்கொடுக்கிற சமாதான நீதவானிடம் காட்டினேன். மூலப்பத்திரம் இல்லாமல் சீல் அடிக்க முடியாது என்றார். ஏற்கெனவே ஒரு சீல் இருக்கிறதே, அதற்கு மேல் இன்னொன்று அடித்தால் என்ன என்று நான் வாதாடினேன். எங்கள் சனத்துக்குச் சீலில் இருக்கிற பக்தி உனக்குத் தெரியும். கொழும்பில் கந்தோர் கந்தோராக அலைந்து பழகியவர்கள் நாங்கள், ஊதா மை பட்ட கடதாசி எதையும் எறியமாட்டோம். அந்தப் பழைய சீலை நம்பிக்கொண்டு போய் அந்தப் பெண்மணியின் மேசையில் பெருமையாக வைத்தேன். அவ கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கொப்பி கூடாது, பதிவகம் தந்த சான்றிதழ்தான் வேண்டும் என்றா. அது மகனிடம் இருக்கிறது, தரமாட்டான் என்றேன். அவவுக்கு அது விளங்கவே இல்லை. "ஏன் மகனிடம் கேட்கிறீர்கள்? நீங்கள் அவருடைய மனைவி. நீங்களே எடுக்கலாம்" என்றா. இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், ஆனால் நீ சொல்லவில்லை.

மறுநாளே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பரமட்டாவுக்கு ரயில் எடுத்தேன். சுந்தரம், "நானும் வர்றேங்க, உள்ள வரல, வெளிய ஒக்காந்திருக்கேன்" என்றார். "வேண்டாம். இது என்ர மனுசன்ர அலுவல். நான்தான் போகவேணும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவே அவரைக் கட்டலாம்.

அரசாங்கச் சேவை நிலையத்தில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். கைப்பையில் பாஸ்போர்ட், மெடிகெயர் அட்டை, மின்சாரக் கட்டணக் கடிதம், எங்கள் கலியாணப் பதிவு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். கேட்காததையும் கொண்டுபோனேன், அது நம் பழக்கம். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் கேள்விகளைத் தொடங்கினாள். இறந்தவரின் முழுப்பெயர், பிறந்த ஊர், இறந்த நாள், எல்லாம் சொன்னேன். அவருடைய தாயின் பெயரைக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அந்த மனிசி என்னைப் படுத்திய பாட்டுக்கு அந்தப் பெயரை மறப்பேனா? உங்களுக்கு இவர் என்ன முறை என்று கேட்டாள். மனைவி என்றேன். எதற்காக வேண்டும் என்று கேட்டாள்.

"கலியாணம் செய்ய" என்றேன்.

"யாருடைய கலியாணம்?"

"என்னுடையது."

தட்டச்சுச் செய்துகொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். இந்த வயதில் உங்களுக்கு ஏன் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்து, அதற்கு ஒரு பதிலையும் நாக்கில் எடுத்து வைத்துவிட்டேன். அவள், "குட் ஒன் யூ" என்று வாழ்த்தி முகம் முழுக்கச் சிரித்தாள். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. என் சொந்தத்தில் ஒருவரும் அதுவரை என்னை அப்படிப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பி, எல்லாவற்றையும் வாசித்துப் பாருங்கள், சரியாக இருந்தால் கையெழுத்து வையுங்கள், அவசரமில்லை என்றாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வாசிக்கத் தேவையில்லாத சின்ன எழுத்துகளையும் வாசித்தேன். பின்னால் வரிசை நீண்டது, நீளட்டும் என்று விட்டேன். எங்கே கையெழுத்து வைப்பது என்று ஒருவரும் விரல் வைத்துக் காட்டவில்லை. நானே கண்டுபிடித்து வைத்தேன்.

சான்றிதழ் வந்த அன்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடி அதை வாசித்தேன். அப்பா போனதற்குப் பிறகு அதை நான் முழுதாக வாசித்தது அதுதான் முதல் தடவை. நீ சொன்ன பதில்கள் எல்லாம் அச்சில் இருந்தன. தொழில் கணக்காளர் என்று இருந்தது. வந்த புதிதில் அவர் பேக்கரியில் மாமூட்டை தூக்கியது அதில் இல்லை, அது எனக்குத் தெரியும், போதும். கலியாணம் செய்த இடம் யாழ்ப்பாணம் என்றும் கலியாணம் செய்த ஆள் நான் என்றும் இருந்தது. கீழே உன் பெயரும் தங்கச்சியின் பெயரும் இருந்தன. அழுதேன். நல்லாக அழுதேன், சொல்ல வெட்கமில்லை. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

"அப்பாவை மறந்திட்டீங்களோ" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இந்தப் பத்திரத்தில் இருக்கிறது. நான் சுந்தரத்தைக் கட்டுவதென்றால் அப்பாவின் பெயரை முதலில் மேசையில் வைக்க வேண்டும். அவர் பெயர் இல்லாமல் சட்டப்படி எனக்கு இந்தக் கலியாணம் நடக்காது. சுந்தரமும் தன் மனைவியின் பெயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்க வேண்டும். நாங்கள் நான்கு பேருமாகத்தான் அந்த மேசைக்குப் போகிறோம், ஒருவரையும் ஒருவரும் மறக்கவில்லை. அவருடைய மனைவியின் சான்றிதழை யார் எடுத்தார்கள் தெரியுமா? கரூரில் இருக்கிற மகள். வேலைக்கு லீவு போட்டு, மாநகராட்சி அலுவலகத்தில் நின்று, தமிழும் ஆங்கிலமுமாக அச்சடித்த பத்திரத்தை வாங்கி அனுப்பினாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, அவங்க பேசுற தமிழ் உங்களுக்குப் புரியுதா?" அவர் சொன்னாராம், "பாதி புரியுதும்மா. மீதிக்குத்தான் கல்யாணம்." தாயை இழந்த பிள்ளைதான் அவளும். உனக்கு வலிக்கிற இடம் அவளுக்கும் வலித்திருக்கும். வலியோடுதான் போய் வரிசையில் நின்றிருக்கிறாள்.

சனம் என்ன சொல்லும் என்றாய். சனம் சொல்லிவிட்டது, நானும் கேட்டுவிட்டேன், காது அறுந்து விழவில்லை. பிள்ளைகள் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றாய். தாத்தா என்று கூப்பிடட்டும். நாங்கள் அப்பப்பா, அம்மப்பா என்கிறவர்கள், தாத்தா என்ற சொல் நம் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. அப்பப்பா என்றால் உன் அப்பா ஒருவர்தான், அந்த இடத்தில் நான் யாரையும் இருத்தப் போவதில்லை. தனியாக இருப்பது பயம் என்றால் மெல்பேணுக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றாய். எனக்குப் பயமில்லை, தம்பி. எனக்கு ஆசை. பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து, இன்றைக்கு நடந்ததை ஒருவருக்குச் சொல்ல ஆசை. நடையில் அவர் எந்த ரோட்டைப் பிழை சொன்னாலும் அதை மறுத்துப் பேச ஆசை. மெல்பேணில், பொயிண்ட் குக்கில் உன் வீட்டுப் பின் அறையில் எனக்கு அது கிடைக்காது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கும். அதையும் செய்வேன், வருஷத்தில் சில கிழமைகள், விருந்தாளியாக வந்து.

தாய் என்கிற முறையில் ஒரு புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உன் பைல்கள் இருக்கிற அலுமாரியை உன் மனைவிக்குத் திறந்து காட்டு. வீட்டுப் பத்திரம், காப்புறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எங்கே இருக்கிறதென்று அவள் உன்னிடம் கேட்காமல் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவளிடம் ஒரு கடதாசியை நீட்டினால், வாசித்து முடிக்கும்வரை பொறுத்திரு. நீ நல்ல பிள்ளை, உன் அப்பாவும் நல்ல மனுசன். நல்லவர்கள் என்பதால்தான் எங்களுக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாமல் போனது. உன் மனைவி என்னைப் போல இந்த வயதில் ரயில் ஏறிப் போய், தன் புருஷனுக்குத் தான் மனைவிதான் என்பதைக் கண்டுபிடிக்கும்படி வைத்துவிடாதே.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். காலையில் பதிவு, பிறகு ஹரிஸ் பார்க்கில் ஒரு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. அவர் இட்லி வேண்டும் என்கிறார், நான் இடியப்பமும் சொதியும் என்கிறேன், சண்டை இன்னும் முடியவில்லை. வாசலில் ஆலாத்தி உண்டு. எடுக்கிறவர்கள் இரண்டு பேரும் என் நடைக் குழுப் பெண்கள், இரண்டு பேரும் புருஷனை இழந்தவர்கள். நான்தான் தேடிக் கேட்டேன். ஒருத்தி, "நான் சிவப்புச் சீலை உடுக்கலாமோ" என்று கேட்டாள். சிவப்புத்தான் உடுக்க வேண்டும் என்றேன். பெரியம்மாவும் வரலாம், அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என் கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தியது, என் புருஷன் செத்துவிட்டார் என்ற அந்த ஒரு செய்திதான். அதே செய்தியை முத்திரையோடு கையில் பிடித்துக்கொண்டு நான் முன்வாசலால் வருகிறேன்.

கலியாணத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஒன்று உன் தங்கச்சி. அவள் சொன்னது, "கோ ஃபோர் இட் அம்மா" என்று மட்டும்தான். மற்ற இடத்தை உனக்கு வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் கலியாணம் நிற்காது. பக்கத்து வீட்டு லெபனான்காரி அந்த இடத்துக்கு ஆசைப்பட்டு, புதுச் சட்டை தைத்தும் வைத்திருக்கிறாள். அவள் போட்டாலும் கையெழுத்து கையெழுத்துத்தான். ஆனால் எனக்கு நீ வேண்டும். அதை மறைக்கப் போவதில்லை.

வந்தால் உன் பைலைக் கொண்டுவரத் தேவையில்லை. பேனையும் நான் வைத்திருக்கிறேன். நீ வந்து மேசைக்கு முன்னால் நின்றால் போதும். எந்த இடத்தில் போடுவது என்று அம்மா விரல் வைத்துக் காட்டுகிறேன்.